பனியன்வரை நனைந்தவரின் வழக்கு

வானிலைப் பதிவு நிலையத்தில் மழை பெய்வது அத்தனை சுலபமில்லை. வானத்திலிருந்து தண்ணீர் விழுந்தால் அது மழை என்று நினைக்கிறவர்கள் ஊருக்குள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குக் குடை விற்கலாம், வேறொன்றும் செய்ய முடியாது. நிலையத்தைப் பொறுத்தவரை, விழுகிற தண்ணீர் முற்றத்தில் நட்டிருக்கும் செம்புப் புனலுக்குள் இறங்கி, அடியிலிருக்கும் பாட்டிலில் சேர்ந்து, காலை எட்டரை மணிக்கு அளவுக்குடுவையில் ஊற்றப்பட்டு, எத்தனை மில்லிமீட்டர் என்று கோடு பார்த்துப் பதிவேட்டில் ஏற வேண்டும். அப்போதுதான் அது மழை. அதுவரைக்கும் அது வெறும் ஈரம்.

இதில் ஒரு சின்னச் சிக்கல், அளவுக்குடுவை இல்லை. பதினான்கு மாதத்துக்கு முன்னால் உடைந்துவிட்டது. எப்படி உடைந்தது என்று கேட்காதீர்கள். சரி, கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். நிலையத்தில் டீ பங்கு போடும்போது யாருக்குக் கூட, யாருக்குக் குறைச்சல் என்று தினமும் சண்டை. படித்தவர்கள் நிறைந்த இடமாயிற்றே, அதனால் அளவுக்குடுவையில் ஊற்றி, ஆளுக்குப் பன்னிரண்டு மில்லிமீட்டர் டீ என்று நியாயமாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் கொதிக்கக் கொதிக்க ஊற்றியதில் படாரென்று விரிசல் விட்டது. அன்றோடு டீயும் போயிற்று, மழையும் போயிற்று.

புதுக் குடுவை கேட்டு ஸ்டோர்கீப்பரிடம் போனார்கள். உடைந்த பொருளை முழுமையாக ஒப்படைத்தால்தான் புதுப்பொருள் என்று விதி இருக்கிறது. துண்டுகளைப் பொறுக்கிப் பசை போட்டு ஒட்டிக் கொண்டுபோனார்கள். ஸ்டோர்கீப்பர் அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இருபதாவது கோட்டுக்குப் பக்கத்தில் நகத்தளவு ஒரு துண்டைக் காணவில்லை. "இது முழுசா உடையலையே. இன்னும் வர வேண்டிய துண்டு இருக்கே" என்று சொல்லி ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

குடுவை இல்லாவிட்டால் அளவு இல்லை. அளவு இல்லாவிட்டால் எண் இல்லை. ஆனால் பதிவேட்டில் கட்டத்தைக் காலியாக விடுவது பெரிய குற்றம். ஆகவே தினமும் காலை எட்டரைக்கு ஒரு பூஜ்யம். ஊரே முழங்கால் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்த நாளிலும் பூஜ்யம். இப்படி நானூற்றிரண்டு பூஜ்யங்கள் சேர்ந்தன. தலைமை அலுவலகத்துக்கு இதில் ஒரே சந்தோஷம். கூட்டல் தப்பில்லை, திருத்தம் இல்லை, அடித்தல் இல்லை. இதே மாதிரி ஐந்நூறு நாள் போனால் 'பிழையற்ற தொடர்பதிவு'க்காக ஒரு கேடயம் தருவதாக எழுதிவிட்டார்கள். இயக்குநர் தன் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஆணியே அடித்துவிட்டார்.

இந்த நேரத்தில்தான் மழைப் பிரிவுக்குக் காத்து வந்து சேர்ந்தார். அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் வேறு. பத்தொன்பது வருடம் காற்றுப் பிரிவில் இருந்ததால் நிலையத்தில் எல்லோருக்கும் அவர் காத்துதான். காற்றுத்திசை காட்டி துருப்பிடித்து ஒரே பக்கமாக நின்றுவிட்டது. காற்று இனிமேல் அந்தப் பக்கமே அடிக்கும் என்று முடிவாகி, அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். காத்து வாயில்லாப் பூச்சி. போ என்ற இடத்துக்குப் போவார், வா என்றால் வருவார். பதிவேட்டைப் பற்றி அவருக்கு யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை. முதல் பத்து நாள் வெயில் பிளந்தது. அவரும் பூஜ்யம் போட்டார், ஆனால் பாவம், உண்மை என்று நம்பிப் போட்டார்.

பதினோராம் நாள் கொட்டு கொட்டென்று கொட்டியது. காத்து முற்றத்தில் இறங்கிப் பாட்டிலை எடுத்துப் பார்த்தார், வழிந்துகொண்டிருந்தது. குடுவையைத் தேடினார், காணோம். பதிவேட்டைத் திறந்தார். எண் எழுத வேண்டிய கட்டத்துக்குப் பக்கத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. பதினான்கு மாதமாக யாரும் தொடாத கட்டம். அதில் தன் முத்து முத்தான கையெழுத்தில் எழுதினார்: 'அளக்கக் குடுவை இல்லை. ஆனால் நல்ல மழை. பனியன்வரை நனைந்துவிட்டேன்.'

அரைமணி நேரத்தில் இயக்குநர் கூப்பிட்டார்.

இயக்குநர் நல்ல மனிதர். கோபம் வந்தால்கூடக் கத்த மாட்டார், சொற்பொழிவு செய்வார்.

"காத்து, நான் மழைக்கு எதிரி இல்ல. சின்ன வயசுல காகிதக் கப்பல் விட்டவன்தான் நானும். மழை வேணும்யா, நாட்டுக்கு வேணும், விவசாயிக்கு வேணும். ஆனா மழைக்கு ஒரு முறை இருக்கு. முதல்ல குடுவை வரணும், அப்புறம் மழை வரணும். இது அவசரப்பட்டு முன்னாடியே வந்துட்டா அதுக்கு நாம பொறுப்பாக முடியுமா? நானூத்திப் பன்னிரண்டு நாள் இந்த நிலையத்துல ஒரு சொட்டு விழல. அந்தச் சாதனைக்குப் பின்னாடி எத்தனை பேர் உழைப்பு இருக்கு தெரியுமா?"

"தெரியாது சார். பனியன் நனைஞ்சுடுச்சு சார்" என்றார் காத்து.

"அதத்தான் சொல்றேன். உம்ம பனியனுக்கு யாரு அங்கீகாரம் குடுத்தது?"

மாலைக்குள் தற்காலிகப் பணிநீக்க ஆணை காத்துவின் கையில் வந்துவிட்டது. விசாரணையில் குற்றம் உறுதியானால் வேலையே போய்விடும், வேலை போனால் பதினைந்து நாளில் அலுவலகக் குடியிருப்பையும் காலி செய்ய வேண்டும் என்று கடைசி வரியில் இருந்தது. அந்த வரியைத்தான் காத்துவின் மனைவி முதலில் படித்தாள்.

அவளுக்கு அது வெறும் வீடு இல்லை. முன்னறைதான் அவளுடைய தையல்கடை. ஒன்பது வருடம் ஊசியும் நூலுமாகக் குனிந்து குனிந்து, பக்கத்துப் பள்ளிக்கூடத்துச் சீருடை மொத்தமும் அந்த வாசலைத் தேடி வருகிற அளவுக்குக் கொண்டுவந்திருந்தாள். வாசல் மாறினால் போச்சு. அந்தப் பயத்தை அவளுக்குக் கோபமாகத்தான் வெளியில் காட்ட வந்தது.

"ஏங்க, நனைஞ்சா தலையத் துவட்டிட்டு வேலையப் பாக்க வேண்டியதுதானே? அத எதுக்கு எழுதி வெச்சீங்க?"

"குறிப்புன்னு ஒரு கட்டம் இருந்துச்சும்மா."

"கட்டம் இருந்தா எழுதிடுவீங்களா? கல்யாணமாகி பதினெட்டு வருஷமாச்சு, நல்லாருக்கு நல்லால்லன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. கட்டத்தக் கண்டதும் பொத்துக்கிட்டு வந்துடுச்சா?"

அவர் பதில் சொல்லவில்லை. எதிரில் கட்டம் எதுவும் இல்லையே.

வேலை இல்லை என்று ஆகிவிட்டால் வீட்டில் படுத்துத் தூங்கலாம் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. வேலை செய்யவில்லை என்பதை நிரூபிக்க தினமும் காலை பத்துக்கும் மாலை ஐந்துக்கும் நிலையத்துக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். நடுவில் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். காற்றுப் பிரிவில் வேலை பார்த்த நாளில் பத்தரைக்கு வந்துகொண்டிருந்த காத்து, வேலை பார்க்கக் கூடாது என்றதும் பத்துக்கே வர ஆரம்பித்தார்.

இரண்டாம் நாளே ஒரு மெமோ. குடையோடு வந்ததற்காக. 'மழை பெய்ததா என்பது விசாரணையில் உள்ள விஷயமாதலால், அதுகுறித்துத் தம் கருத்தை மறைமுகமாக வெளிப்படுத்தும் வகையில் வளாகத்துக்குள் குடை விரிப்பது விசாரணையில் குறுக்கிடுவதாகும்.' காத்து பயந்துபோய்க் குடையை மடக்கினார். வாசல் கேட்டிலிருந்து வராந்தாவரை நனைந்தபடி நடந்தார். மறுநாள் இன்னொரு மெமோ. நனைந்து வந்ததற்காக. அதுவும் கருத்துத்தானாம். மூன்றாம் நாள் மழை கொஞ்சம் விடட்டும் என்று கேட்டுக்கு வெளியே நின்றார். தாமதத்துக்கு மெமோ வந்தது.

குற்றப்பத்திரிகை நாற்பது நாள் கழித்து வந்தது, பதினெட்டுப் பக்கம். தன் உடம்பை அங்கீகாரம் பெறாத அளவுகருவியாகப் பயன்படுத்தினார் என்பது முதல் குற்றம். அந்தக் கருவியின் மேல் சரிபார்க்கப்படாத பனியன் அணிந்திருந்தார் என்பது இரண்டாவது. 'நல்ல மழை' என்று எழுதியதன் மூலம் மழைக்குச் சாதகமாக நடந்துகொண்டார், மழை விஷயத்தில் நடுநிலை தவறினார் என்பது மூன்றாவது. அதற்கு மேல் காத்துவால் படிக்க முடியவில்லை. கண் கலங்கிவிட்டது. பத்தொன்பது வருடத்தில் ஒரு நாள்கூட அவர் எதற்கும் சாதகமாக நடந்துகொண்டதில்லை.

கடைசிப் பக்கத்தில், சம்பவத்தன்று அணிந்திருந்த பனியனைச் சான்றுப்பொருளாக ஒப்படைக்கும்படி சொல்லியிருந்தது. மனைவியிடம் கேட்டார்.

"அத அன்னைக்கே அலசிப் போட்டாச்சே. நாப்பது நாளா நீங்க போட்டுக்கிட்டுத் திரியிறது அதுதான்."

கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தார். நிலையத்தில் அதை மேஜைமேல் விரித்து, இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து முறுக்கிப் பார்த்தார்கள். ஒரு சொட்டு வரவில்லை. 'சான்றுப்பொருள் உலர்ந்த நிலையில் உள்ளது. மழை பெய்ததற்கான அறிகுறி ஏதும் இல்லை' என்று எழுதி, அடியில் இன்னொரு வரியும் சேர்த்தார்கள்: 'சான்றைத் துவைத்து அழித்த குற்றத்தில் குடும்பத்தினரும் உடந்தை.'

"துவைக்கிறது குத்தமாங்க?" என்று கேட்டுவிட்டு, அவள் தையல் மிஷினில் உட்கார்ந்து கடகடவென்று ஓட்டினாள்.

விசாரணைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெரியவரை அனுப்பினார்கள். மென்மையாகப் பேசுகிறவர், உட்கார்வதற்குத் தன் சொந்தத் தலையணையைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அன்றைக்கென்று பார்த்து வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. பெரியவர் உள்ளே வந்து ஷூவைக் கழற்றினார், ஸாக்ஸைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே பிழிந்தார், நாற்காலிக் கையில் காயப் போட்டார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "சரி, மழை பெய்ததாகச் சொல்லப்படும் விஷயத்துக்கு வருவோம்" என்றார்.

முதல் சாட்சி டிகிரி. வெப்பநிலைப் பிரிவில் தினமும் வெப்பமானி பார்த்து எழுதுகிறவன், காத்துவை அண்ணே அண்ணே என்று சுற்றி வந்தவன். சம்பவத்தன்று முற்றத்தில் காத்துவுக்குப் பக்கத்தில் நின்றவனும் அவன்தான்.

"அன்னைக்கு மழை பெஞ்சுதா?"

"நான் வெப்பநிலைப் பிரிவு சார். காலையில பதினேழு டிகிரி இருந்துச்சு. வேற எதுவும் எனக்குத் தெரியாது."

"முற்றத்துக்குப் போனீங்களா?"

"போனேன் சார்."

"எப்படிப் போனீங்க?"

"ஓடிப் போனேன் சார்."

"ஏன் ஓடினீங்க?"

டிகிரி காத்துவைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தான். "ஓடுறது உடம்புக்கு நல்லது சார்."

அந்த நேரம் பார்த்து அவன் பார்த்துக்கொண்டிருந்த கூரையிலிருந்து ஒரு சொட்டு பெரியவரின் கோப்பின்மேல் விழுந்தது. பெரியவர் கோப்பை நகர்த்தினார். சொட்டும் கூடவே நகர்ந்தது. நாற்காலியைத் தள்ளிப் போட்டார், அங்கே தாரையாகவே வந்தது. பியூன் ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்தான், பிறகு குடையை விரித்துப் பெரியவர் தலைக்குமேல் பிடித்துக்கொண்டான். நடவடிக்கைகளை எழுதிக்கொண்டிருந்த டைப்பிஸ்ட் அம்மா, இதை எப்படி எழுதுவது என்று கேட்டார். "நல்ல காற்றோட்டத்துக்காக விசாரணை அதிகாரி இடம் மாறி அமர்ந்தார்னு போடுங்க" என்றார் பெரியவர். வாளியைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அது இரண்டு முறை நிரம்பியது.

சாப்பாட்டு நேரத்தில் பெரியவர் காத்துவைத் தனியாகக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

"தம்பி, முப்பது வருஷத்துல இருநூத்திப் பதினாலு விசாரணை முடிச்சவன் நான். உண்மையச் சொல்லித் தப்பிச்சவன் அதுல ஒருத்தனும் கிடையாது. உண்மை சொல்றவனுக்கு என்னால ஒண்ணும் பண்ண முடியறதில்ல, அதுதான் என் வருத்தமே. நீங்க நனைஞ்சது வாஸ்தவம், அத நான் மறுக்கல. ஆனா எதால நனைஞ்சீங்கன்னு நீங்கதானே சொல்லணும்? வேர்வைன்னு ஒரு வரி எழுதுங்க. மழைன்னு தப்பா நினைச்சிட்டேன், அது என் வேர்வைதான்னு. கடமை உணர்ச்சியில வேர்த்துச்சுன்னு நான் மேல ஒரு வார்த்தை போட்டுக்கறேன். யாருக்கும் சேதமில்ல."

"பனியன் முழுக்கவா சார்?"

"கடமை உணர்ச்சி ஜாஸ்தி."

காத்துவுக்கு வெட்கமாக இருந்தது. எழுதுகிற கை ஒரு நிமிடம் நின்றது. பிறகு கண்முன்னால் தையல் மிஷின் வந்தது, வாசலில் மூட்டை மூட்டையாகச் சீருடைத் துணி வந்தது. எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரமே வேலை திரும்பக் கிடைத்தது. பதிவேட்டில் அவர் எழுதிய குறிப்பின்மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, அதன்மேல் ஒரு பூஜ்யம் போட்டார்கள். மனைவி அன்று அவருக்குப் புதுப் பனியன் வாங்கிக் கொடுத்தாள்.

நிம்மதி மூன்று நாள் நீடித்தது. நான்காம் நாள் சாயங்காலம் டிகிரி நனைந்த கோழி மாதிரி வாசலில் வந்து நின்றான்.

"என்ன, ஓடுறது உடம்புக்கு நல்லதுன்னீங்களே, இங்கயும் ஓடியேதான் வந்தீங்களா?" என்றாள் காத்துவின் மனைவி, மிஷினிலிருந்து எழுந்திருக்காமல்.

"குத்திக் காட்டாதீங்க அண்ணி. எனக்கு மெமோ வந்திருக்கு."

விஷயம் இதுதான். தலைமை அலுவலகத்தில் யாரோ ஒரு புண்ணியவான் இரண்டு தாளையும் சேர்த்துப் படித்துவிட்டார். பனியன் முழுக்க வேர்த்தது என்று காத்து எழுதிக் கொடுத்திருக்கிறார். அதே நாள், அதே நேரம், பதினேழு டிகிரி என்று இவன் எழுதியிருக்கிறான். பதினேழு டிகிரிக் குளிரில் ஒரு மனிதனுக்குப் பனியன் முழுக்க எப்படி வேர்க்கும்? ஆகவே வெப்பநிலை பொய். பொய்ப்பதிவுக்காக டிகிரியை ஏன் வேலையைவிட்டு அனுப்பக் கூடாது?

"அண்ணே, நான் ஒழுங்காதாண்ணே பாத்து எழுதினேன். என் வெப்பமானி உடையக்கூட இல்லண்ணே. இந்த நிலையத்துலயே உண்மையா ஓடுறது அது ஒண்ணுதான்." அவன் காத்துவின் கையைப் பிடித்துக்கொண்டான். "அன்னைக்கு மழைதானேண்ணே? ரெண்டு பேரும் சேர்ந்துதானே நனைஞ்சோம்? ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே!"

"இத அன்னைக்கு அந்தப் பெரியவருக்கு முன்னாடி சொல்லியிருந்தா என்னவாம்?" என்றாள் அவள்.

டிகிரி தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். வந்த வழியே திரும்பிப் போனான். காத்துவுக்கு அவன்மேல் கோபம் இருந்தது, நன்றாகவே இருந்தது. அந்தக் கோபத்தைச் சாக்காக வைத்துப் பேசாமல் இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தார். ஆனால் அவன் முகம் கண்ணைவிட்டுப் போகவில்லை.

"என் வேர்வையால அவன் வேலை போயிடும்மா" என்றார்.

"அவனுக்காக எழுதினா உங்க வேலை போயிடும்."

"ஆமா."

அவள் வாயிலிருந்த நூலைக் கடித்துத் துப்பினாள். அழுகிறாளா, திட்டப்போகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. "எழுதித் தொலைங்க. வேர்வைன்னு எழுதிட்டு வந்த நாள்லேர்ந்து நீங்க என் முகத்தப் பாத்துச் சாப்பிடல. எனக்கு அது பிடிக்கல. மிஷின வேற எங்கயாவது போட்டுத் தெச்சுக்கலாம்."

காத்து எழுதினார். அன்று பெய்தது மழைதான், நனைந்தது மழையில்தான், டிகிரியின் பதினேழு சரிதான். டிகிரி தப்பித்தான். காத்துவுக்கு விசாரணைகூட வைக்கவில்லை. மழை என்று எழுதியது ஒரு பொய், வேர்வை என்று எழுதியது ஒரு பொய், மறுபடி மழை என்று எழுதியது மூன்றாவது பொய் என்று கணக்கிட்டு, நிரந்தரப் பணிநீக்க ஆணை தலைமை அலுவலகத்திலிருந்து வந்து சேர்ந்தது.

அன்றைக்குப் பூஜ்யங்களின் எண்ணிக்கை நானூற்றுத் தொண்ணூற்றெட்டு. மூன்றாம் நாள் கேடயத்தோடு பெரிய அதிகாரிகள் வருகிறார்கள். அவர்கள் வரும்போது இந்த ஆள் நிலையத்தின் ஊழியராக இருக்கக் கூடாது என்று இயக்குநர் துடித்தார். ஆணையை நேரில் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்து வாங்கினால்தான் செல்லும். அதுவும் மறுநாள் மாலை ஐந்து மணிக்குள். மறுநாள் என்றால் சாதாரண மறுநாளா? ராத்திரி முழுக்க இடி மின்னலோடு அடித்து, குடியிருப்புத் தெருவே ஆறாகிவிட்டது. "வழியில இடுப்பளவு தண்ணி நிக்குது சார்" என்று சொன்ன பியூனுக்கு அந்த இடத்திலேயே மெமோ கொடுத்துவிட்டு, இயக்குநர் ஆணையை எடுத்துக்கொண்டு தானே கிளம்பினார்.

கார் தெருமுனையிலேயே நின்றுபோனது. அங்கிருந்து அவர் இறங்கி நடந்தார். நடந்தார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். நாலேகால் மணிக்குக் காத்துவின் வாசலில் வந்து நின்றபோது அவர் தலையிலிருந்தும் மூக்கு நுனியிலிருந்தும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, ஒரு செருப்பைக் காணோம்.

காத்துவின் மனைவி ஓடிவந்து துண்டைக் கொடுத்தாள். "அய்யய்யோ, சாருக்கு என்ன இப்படி வேர்த்திருக்கு! உள்ள வாங்க சார்."

இயக்குநர் அவளை ஒரு பார்வை பார்த்தார். சட்டைக்குள்ளிருந்து உறையை எடுத்தார். உள்ளே இருந்த தாள் ஊறிப்போய் ஈரத்துணி மாதிரி தொங்கியது. காத்து கையெழுத்துப் போடப் பேனாவை வைத்தார், முனை வழுக்கிக்கொண்டு போனது. அழுத்தினார், ஓரம் கிழிந்தது. இயக்குநர் பதறிப்போய்த் தாளைப் பிடுங்கிக்கொண்டார்.

"கிழிச்சுடாதய்யா! எண் போட்ட தாள் இது. கெட்டுப்போனா எப்படிக் கெட்டுச்சுன்னு காரணம் எழுதிக் குடுத்தாத்தான் தலைமை அலுவலகத்துல வேற தாள் தருவாங்க." அறையைச் சுற்றிப் பார்த்தார். தைத்து முடித்த சீருடைகளுக்குப் பக்கத்தில், மேஜைமேல் இஸ்திரிப்பெட்டி சூடாக இருந்தது. அவர் முகம் மலர்ந்தது. "அம்மா, இத ஒரு தடவை லேசா தேய்ச்சுக் குடுத்திடுறீங்களா? காஞ்சுடும். கையெழுத்து வாங்கிட்டுக் கிளம்பிடுவேன்."

புருஷனின் வேலையைப் பறிக்கிற தாளை இஸ்திரி போட்டுத் தரச் சொல்கிறோமே என்று அந்த நல்ல மனிதருக்குத் தோன்றவேயில்லை. அவருக்கு மணி நாலரை என்பது மட்டும்தான் தெரிந்தது.

அவள் காத்துவைப் பார்த்தாள். காத்து தரையைப் பார்த்தார். "குடுங்க சார்" என்று வாங்கி, மேஜைமேல் சுருக்கமில்லாமல் விரித்து, பெட்டியை அதன்மேல் வைத்தாள். ஒரு தடவை தள்ளினாள், ஒரு தடவை இழுத்தாள். ஆவி வந்தது. அழகாகக் காய்ந்துகொண்டு வந்தது. பிறகு பெட்டியை நடுவில் அப்படியே வைத்துவிட்டு இயக்குநர் பக்கம் திரும்பினாள்.

"சார் டீ சாப்பிடுறீங்களா?"

"வேண்டாம்மா."

"சூடா ஒரு வாய் குடிங்க சார். வீட்ல அம்மா சௌக்கியமா? பிள்ளைங்க எங்க படிக்கிறாங்க?"

இயக்குநர் பெரியவன் படிப்பைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். சின்னவன் படிப்புக்கு வரும்போது மூக்கைச் சுளித்தார். "என்னமோ கருகுதே."

"அடக் கடவுளே! கை மறந்துடுச்சு சார்!"

பெட்டியைத் தூக்கினாள். தாளின் நடுவில் பெட்டி அளவுக்கு ஒரு ஓட்டை. மேலே முகவரி இருந்தது, கீழே முத்திரை இருந்தது, நடுவில் என்ன செய்வதாக உத்தரவு என்பது மட்டும் இல்லை.

இயக்குநர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். அவர் கத்துவார் என்று காத்து பயந்தார். அவர் கத்தவில்லை, பழக்கதோஷத்தில் காரணம் எழுத ஆரம்பித்துவிட்டார். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். "ஆணை... இஸ்திரி போடும்போது கருகிவிட்டது. சரி. ஏன் இஸ்திரி போட்டீர்னு கேப்பாங்க. தாள் ஈரமா இருந்துச்சு. ஏன் ஈரம்னு கேப்பாங்க..."

அங்கே நின்றுவிட்டார்.

"வேர்வைன்னு எழுதிடுங்க சார்" என்றாள் அவள், அக்கறையோடு.

அவர் ஆசையாக நிமிர்ந்தார். மறுநிமிடமே முகம் தொங்கிவிட்டது. "முடியாதும்மா. டிகிரி இன்னைக்குப் பதினாறுன்னு எழுதிட்டான். நானே கையெழுத்துப் போட்டேன்."

மணி ஐந்து அடித்தது. கூரைத்தகரத்தில் தடதடவென்று கொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. இயக்குநர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். தெருத்தண்ணீரில் வாசலில் கழற்றிவிட்ட அவருடைய இன்னொரு செருப்பும் நிதானமாக மிதந்து போய்க்கொண்டிருந்தது. அவர் பெருமூச்சு விட்டார். கருகிய தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அந்த ஒரு நிமிடம் அவர் இயக்குநராக இல்லை, களைத்துப்போய் வந்த ஒரு விருந்தாளியாக இருந்தார்.

"சரி, காத்து. மத்ததெல்லாம் மழை விட்டப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

காத்து தலை நிமிர்ந்தார். மனைவியைப் பார்த்தார். பிறகு பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக, யாரும் கேட்காமலே, ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் எடுத்து இயக்குநருக்கு முன்னால் வைத்தார்.

"சார், 'மழை விட்டப்புறம்'னு இப்பச் சொன்னீங்களே, அத ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க சார்."